புழுக்கள் கட்டிய பாறை

கடலில் உயிர்கள் கட்டும் பாறை என்றவுடன் நமக்கு முருகைக்கற்பாறையே நினைவுக்கு வரும். ஆயின், முருகைக்கற்பாறை எழ இயலாத குளிர்ந்த கடல்களின் ஓரத்திலும் உயிர்கள் கட்டிய பாறைகள் உண்டு. நம் சுண்டுவிரலினும் சிறிய ஒரு புழு, மணலைக் கொண்டே அவற்றை எழுப்புகின்றது. பிரான்சு நாட்டில், நோர்மண்டிக்கும் பிரித்தனிக்கும் இடையே கிடக்கும் மொன் சான் மிஷேல் விரிகுடாவில் இத்தகைய பாறைகளைக் காணலாம். அவற்றுள் சாந்த் ஆன் எனப்படுவது 100 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்புடையது. ஐரோப்பாவில் இவ்வகைப் பாறைகளுள் மிகப் பெரியது.

இப்புழுவை விஞ்ஞானிகள் சபெல்லாரியா அல்வியோலாட்டா என்பர். தேன்கூட்டுப் புழு என்பது வழக்குப் பெயர். கடல் பெருகி மூடும்போது இது தன் உணர்கொம்புகளை நீட்டி, இரையோடு மணலையும் சிப்பித் துணுக்கையும் பற்றுகின்றது. தன் உடலிற் சுரக்கும் ஒருவகைப் புரதப் பசையால் அவற்றை ஒட்டிக் குழாயொன்று கட்டி, அதனுள்ளே வாழ்கின்றது. கடல் வற்றியதும் உள்ளே ஒடுங்கித் தலைப்பக்கத்து மயிர்முட்களால் வாயிலை அடைத்துக்கொள்கின்றது. இக்குழாய்கள் இலட்சக்கணக்காக நெருங்கி நிற்குமிடத்து, தேனடை போன்ற பாறை உருவாகின்றது.

இப்பாறையின் எதிர்காலம் பழைய குழாய்களிலேயே தங்கியுள்ளது. முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பிகள் பல வாரங்கள் நீரில் மிதந்தபின், தம் இனத்தார் கட்டிய குழாய்களையே நாடிப் படிகின்றன. இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஆராய்ந்த டக்ளஸ் வில்சன் என்னும் அறிஞர் இதனைச் சோதனைகளால் விளக்கினார். ஆகவே, இருக்கும் பாறை அழியுமாயின், வரும் தலைமுறைக்கு இடம் காட்டும் அடையாளமும் உடன் அழிகின்றது.

இதனாலேயே இப்பாறைகளை அளந்து படம் வரைதல் இன்றியமையாததாகின்றது. அவ்விரிகுடாவில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு 14 மீற்றர் வரை செல்லும். பெருவற்று நாட்களில், பாறை வெளிப்படும் சில மணி நேரமே அளவையாளருக்கு வாய்க்கின்றது. விமானப் படமும், ஆளில்லா விமானம் எடுக்கும் படமும், லேசர் ஒளியால் உயரமளக்கும் கருவியும் பாறையின் எல்லையையும் மேட்டையும் காட்டும். ஆனால், அங்கே உயிர் உண்டோ என்பதை வானிலிருந்து தெளிவாய் அறிதல் அரிது. அதற்கு ஒருவர் நடந்து சென்று குனிந்து பார்த்தல் வேண்டும். குழாயின் விளிம்பு புதுமணலால் கூர்மையாக எழுந்திருப்பின் உள்ளே புழு வாழ்கின்றது. தேய்ந்து மழுங்கியிருப்பின் அது பெரும்பாலும் வெறுங்கூடே. ஆகவே நல்ல படம், பரப்போடு பாறையின் நிலையையும் கூறும்: இங்கே புதிய படலம், இங்கே திரண்ட மேடு, இங்கே சிதைவு, இங்கே சேறும் சிப்பியும் மூடிய பகுதி என்று.

ஒருமுறை வரைந்து வைத்தால் போதுமோ? போதாது. இப்பாறை இயல்பாகவே வளர்வதும் தேய்வதுமாக உள்ளது. 1962–63 ஆம் ஆண்டின் கடுங்குளிர், பிரித்தானியக் கரைகளில் இப்புழுக்களைப் பெருமளவில் மாய்த்தது. அத்தகைய இயற்கைத் தேய்வு வேறு. சிப்பி பொறுக்குவோர் மிதித்தும் கருவிகொண்டு பெயர்த்தும் செய்யும் சேதம் வேறு. மொன் சான் மிஷேலில் பிந்தியதே பெருங்கவலையாயுள்ளது. ஆண்டு இடைவெளி விட்டு, ஒரே முறையில் வரைந்த படங்களை ஒப்பிட்டாலன்றி, எது எங்கே நிகழ்கின்றது என்று பிரித்தறிய இயலாது.

ஐரோப்பிய நாடுகள் 1992 ஆம் ஆண்டு ஏற்ற வாழிடப் பாதுகாப்புச் சட்டத்திலே கடற்பாறைகளும் காக்கப்படவேண்டியவற்றுள் அடங்கும். எனினும் எல்லை தெரியாத ஒன்றுக்குச் சட்டம் வேலியிட முடியாது; "இவ்வழியே நடவாதீர்" என்று சிப்பி பொறுக்குவோர்க்குச் சுட்டிக் காட்டவும் முடியாது. சின்னஞ்சிறு புழுக்கள் தலைமுறை தலைமுறையாய்க் கட்டியதை ஒரு காலடி நொடியில் நொறுக்கிவிடும். அக்காலடியை விலக்கி நடத்தவல்லது அந்தப் படமே.