கடலின் நாடி – 7: அட்லாண்டிக்கைத் தாண்டிய மஞ்சள் பயணி

2009 டிசம்பர் 4. ஸ்பெயின் நாட்டின் வடமேற்குக் கரைக்கு அப்பால், குளிர்கால அலைகளுக்கு நடுவே, ஓர் ஆராய்ச்சிக் கப்பல் மஞ்சள் நிறப் பொருள் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தது. ஆள் உயரத்தைவிடச் சற்றே நீளம். இருபுறமும் சிறு இறக்கைகள், பின்னால் ஒரு வால். அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கரையருகே ஏப்ரல் 27 அன்று கடலில் இறக்கிவிடப்பட்டது அது. 221 நாட்களில் ஏறத்தாழ 7,400 கிலோமீட்டர் வந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை, இன்ஜின் இல்லை, எரிபொருள் நிரப்ப ஒரு துறைமுகமும் இல்லை.

நீருக்கடியில் ஒரு பெருங்கடலையே தாண்டிய முதல் ரோபோ இதுதான். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ‘ஆர்யூ 27’. அதை வளர்த்து அனுப்பியவர்கள் வைத்த பெயர் ‘ஸ்கார்லெட் நைட்’.

சென்ற வாரம் ஆர்கோ மிதவைகளைப் பார்த்தோம். ஆழத்துக்குப் போய் மேலே வரும். ஆனால் எந்தத் திசையில் போவது என்பதை நீரோட்டம்தான் முடிவு செய்யும். ‘கிளைடர்’ என்ற இந்த ரோபோ அதற்கு அடுத்த படி. சொன்ன திசைக்குப் போகும். அதுவும் சுழலும் விசிறி எதுவும் இல்லாமல்.

எப்படி? மூக்குப் பகுதியில் இருக்கும் சிறு பம்ப், ஒரு குவளை அளவு கடல்நீரை உள்ளே இழுக்கும். எடை கூடும், கருவி அமிழத் தொடங்கும். உள்ளே இருக்கும் பேட்டரி கொஞ்சம் முன்னால் நகரும், மூக்கு கீழே சாயும். அப்போது இறக்கைகள் அந்த வீழ்ச்சியை முன்னோக்கிய நகர்வாக மாற்றிவிடும். வேண்டிய ஆழம் வந்ததும் பம்ப் நீரை வெளியே தள்ளும், பேட்டரி பின்னால் நகரும், மூக்கு மேலே திரும்பும். இப்படி ரம்பப் பற்களைப் போல இறங்கியும் ஏறியுமே கிளைடர் கடலைக் கடக்கிறது. இறங்கும் வழியிலும் ஏறும் வழியிலும் நீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டே போகும்.

வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் மின்சாரம் பெரும்பாலும் திரும்பும் இடங்களில்தான் செலவாகிறது. மீதி வேலையைப் புவியீர்ப்பும் மிதப்பும் பார்த்துக்கொள்கின்றன. ஒரே பேட்டரியில் மாதக்கணக்கில் கடலில் தங்க முடிவது அதனால்தான். அவ்வப்போது மேலே வந்து வாலை நீருக்கு வெளியே நீட்டும். வாலில்தான் ஆன்டெனா. ஜிபிஎஸ் மூலம் தான் இருக்கும் இடத்தை அறிந்து, செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அழைத்து, அளந்ததை ஒப்படைக்கும். அடுத்து எங்கே போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு மறுபடி மூழ்கும்.

இந்த எண்ணம் முளைத்தது 1980களில். டக் வெப் என்ற பொறியாளர் அதைக் கடலியல் மேதை ஹென்றி ஸ்டாமெலிடம் சொன்னார். 1989இல் ஸ்டாமெல் ஒரு கட்டுரை எழுதினார், 2021ஆம் ஆண்டில் அமர்ந்து பழைய நாட்களைத் திரும்பிப் பார்ப்பதுபோல. அவர் கற்பனையில் சிறு ரோபோக்களின் ஒரு படையே உலகக் கடல்களில் மூழ்கி எழுந்து தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. 1895 முதல் 1898 வரை பாய்மரப் படகில் தனியாளாக உலகைச் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோகமின் பெயரை அவற்றுக்கு வைத்தார். ஸ்டாமெல் 1992இல் காலமானார். இன்று கடலில் இயங்கும் ஸ்லோகம் கிளைடர்களுக்கு அவர் கனவில் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

அட்லாண்டிக் பயணம் ஒரு சவாலாகத்தான் தொடங்கியது. அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தைச் சேர்ந்த ரிக் ஸ்பின்ராட், ‘ஒரு கிளைடரை அட்லாண்டிக்குக்கு அக்கரை அனுப்பிக் காட்டுங்கள்’ என்று 2006இல் ரட்கர்ஸ் விஞ்ஞானிகளைக் கேட்டார். ஸ்காட் கிளென், ஆஸ்கர் ஸ்கோஃபீல்ட் ஆகியோர் தலைமையில் வேலை தொடங்கியது. 2008இல் ‘ஆர்யூ 17’ புறப்பட்டது. 5,000 கிலோமீட்டருக்கு மேல் போய், அசோர்ஸ் தீவுகளை நெருங்கும் வேளையில் அதன் குரல் நின்றுபோனது. அந்த இழப்பிலிருந்து கற்று உருவானதுதான் ஆர்யூ 27.

இரண்டு பயணங்களிலும் இளநிலைப் பட்ட மாணவர்கள் பங்கேற்றார்கள். செயற்கைக்கோள் படங்களில் நீர்ச்சுழிகளைத் தேடி, எந்தச் சுழியின் விளிம்பைப் பிடித்தால் ஓட்டம் முன்னே தள்ளும், எதில் சிக்கினால் பின்னே இழுக்கும் என்று கணக்குப் போட்டார்கள். கிளைடரின் வேகத்தைவிட ஓட்டத்தின் வேகம் பல இடங்களில் அதிகம். ஓட்டத்தை எதிர்த்து முட்டினால் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அதன் போக்கறிந்து போனால் நாளுக்குச் சராசரி 33 கிலோமீட்டர். பாய்மரக்காரர்களின் பழைய அறிவை இந்தப் பிள்ளைகள் கணினித் திரையின் முன் அமர்ந்து புதிதாகக் கற்றார்கள்.

சாதனை ஒருபுறம் இருக்கட்டும், இதனால் நமக்கு என்ன? 2011 ஆகஸ்டில் அதற்கு விடை கிடைத்தது. ஐரீன் புயல் நியூ ஜெர்சியை நோக்கி வந்துகொண்டிருந்தது. அது போகும் பாதையை வானிலை அறிஞர்கள் சரியாகக் கணித்தார்கள். வலிமையை மட்டும் கூடுதலாகக் கணித்துவிட்டார்கள். புயல் கரையை நெருங்கும்போதே தளர்ந்துபோனது. ஏன்?

அந்தக் கடலில் அப்போது ‘ஆர்யூ 16’ என்ற இன்னொரு கிளைடர் இருந்தது. எந்தக் கப்பலும் நிற்கத் துணியாத நேரத்தில் அது தன் பாட்டுக்கு மூழ்கி எழுந்துகொண்டிருந்தது. கோடைக்காலத்தில் அங்கே மேலே மெல்லிய வெந்நீர்ப் படலம், கீழே கடுங்குளிர் நீர். செயற்கைக்கோளுக்குத் தெரிவது மேல்தோல் மட்டும். புயலின் கண் வந்து சேரும் முன்பே அதன் முன்புறக் காற்று இரண்டையும் கலக்கிவிட்டது. மேல்நீர் சுமார் 5 டிகிரி குளிர்ந்தது, அதில் பெரும்பங்கு கண் வருவதற்கு முன்பே. புயலுக்கு உணவு வெந்நீரின் வெப்பம். அது குறைந்ததால் புயல் மெலிந்தது. கிளைடர் கொண்டுவந்த அளவீடுகளை வைத்து 2016இல் விஞ்ஞானிகள் இதை விளக்கினார்கள்.

கடலோரத்தில் வாழும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய சேதி! வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டுமா, தங்கலாமா என்ற கேள்விக்கான விடை, அலைகளுக்கு முப்பது நாற்பது மீட்டர் கீழே உள்ள நீரின் சூட்டிலும் இருக்கிறது. அந்தச் சூட்டை வானத்திலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே இறங்கி, புயலோடு புயலாக அங்கேயே இருப்பவர்தான் சொல்ல முடியும்.

மறுபடி ஆர்யூ 27க்கு வருவோம். ஸ்பெயினில் அதைக் கொண்டுவந்து இறக்கிய ஊர் பயோனா. கொலம்பஸின் கப்பல்களில் ஒன்றான ‘பின்டா’, புதிய கரையொன்றைக் கண்ட செய்தியோடு 1493இல் வந்து நின்ற அதே துறைமுகம். அன்று வந்தது கடலுக்கு அப்பால் இருப்பதைப் பற்றிய செய்தி. இந்த மஞ்சள் பயணி கொண்டுவந்தது கடலைப் பற்றியே.

நம் வங்கக்கடலிலும் நதிநீர் கலந்த மேல்படலத்துக்கு அடியில் வெப்பம் ஒளிந்திருக்கிறது. நம் பருவமழையும் புயலும் அதோடு பின்னிக் கிடக்கின்றன. 2016 ஜூனில் ‘சிந்து சாதனா’ என்ற இந்திய ஆராய்ச்சிக் கப்பல், இந்திய, பிரிட்டன் விஞ்ஞானிகளுடன் சென்னையிலிருந்து கிளம்பித் தெற்கு வங்கக்கடலில் கிளைடர்களை இறக்கியது. பருவக்காற்று வீசும் கடலில் அவை எதைத் தேடின? அடுத்த வாரம் அந்தக் கப்பலில் ஏறுவோம்.

(தொடரும்)