படத் தெளிவும் கடைமடையும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கர்ப்பக்கிருகத்தைச் சுற்றி, இரு பெருஞ் சுவர்களுக்கு நடுவே இருண்ட குறுகிய வழி ஒன்று செல்கின்றது. 1931-ம் வருஷத்தில் அண்ணாமலை சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்ரீ எஸ். கே. கோவிந்தசாமி அவ்வழியிலே விளக்கேந்திச் சென்று ஆராய்ந்தபோது, நாயக்கர் காலத்துச் சித்திரங்கள் பெயர்ந்திருந்த இடங்களில், அவற்றின் அடியிலே வேறொரு சித்திரம் மறைந்திருக்கக் கண்டார். ராஜராஜ சோழன் காலத்து ஓவியங்கள் அவ்வாறு உலகுக்கு வெளிப்பட்டன. சுந்தரமூர்த்தி நாயனாரும் சேரமான் பெருமாளும் கயிலைக்கு ஏகும் காட்சியும், முப்புரம் எரித்த பெருமானின் கோலமும் அவற்றுள் உள்ளன.

ஆயினும் ஒரு சங்கடம் எஞ்சியது. வழி மிகக் குறுகலாதலால், எவரும் பின்னே விலகி நின்று ஒரு சித்திரத்தை முழுமையாகக் காண இயலாது. தீட்டியவன் கைத்திறத்தில் குறைவில்லை, வர்ணத்தில் குறைவில்லை, பார்ப்பவனுக்கு நிற்க இடமில்லை, போதிய வெளிச்சமுமில்லை! தொல்பொருள் இலாகாவார் சுவரைப் பகுதி பகுதியாக நுட்பமாகப் படம்பிடித்து, அப்பகுதிகளைக் கணிப்பொறியின் உதவியால் ஒன்றோடொன்று இணைத்து, 2011-ல் நூலாக வெளியிட்ட பின்னரே அந்தச் சித்திரங்களின் முழு உருவம் பொது ஜனங்களின் கண்ணுக்கு எட்டிற்று. ஒரு படத்தின் பெருமை படத்தில் மட்டும் இல்லை; அதைப் பார்க்கும் இடத்திலும், தூரத்திலும், வெளிச்சத்திலும் இருக்கின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அறுவடைப் பணமும் புதுப் பெட்டியும்

இந்த உண்மையை இன்று நாம் நினைவூட்ட வேண்டியதற்குக் காரணம் உண்டு. சம்பா அறுவடை முடிந்து நெல் விலைபோனதும், காவேரிப் பாசனப் பிரதேசத்துக் கடைவீதிகளில் டெலிவிஷன் பெட்டிகளின் வியாபாரம் சூடு பிடிக்கின்றது. '4கே' என்ற எழுத்துப் பொறித்த அட்டை எல்லாப் பெட்டிகளின் மீதும் ஒட்டப்பட்டிருக்கின்றது. கையில் உள்ள தொகை போதாவிட்டால் தவணை முறை இருக்கவே இருக்கின்றது. கடையில் ஒளிர்ந்த மயிலின் தோகையும் அருவியின் திவலையும் கண்டு மயங்கி வாங்கி வந்த குடும்பஸ்தர், வீட்டுக் கூடத்தில் மாட்டிப் பார்த்ததும், "கடையில் கண்டது இதுதானா?" என்று திகைக்கிறார். குற்றம் பெட்டியினுடையதா, கடைக்காரருடையதா, கண்ணினுடையதா என்று அவருக்கு விளங்குவதில்லை. உழைத்துச் சம்பாதித்த பணம் சம்பந்தப்பட்ட விஷயமாதலால், இதைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியமாகின்றது.

4கே என்பது கணக்கு. திரையில் குறுக்கே 3,840 புள்ளிகளும், நெடுக்கே 2,160 புள்ளிகளுமாக, ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகளால் படம் ஆகின்றது. அதற்கு முந்திய முழு எச்.டி. படத்தில் இருப்பவை சுமார் 21 லட்சம்; பழைய சாதாரண ஒளிபரப்பிலோ 4 லட்சத்துச் சொச்சம். புள்ளிகள் பெருகப் பெருகப் படம் தெளிவாகும் என்பது மெய்தான். ஆனால் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. நல்ல பார்வையுள்ள மனிதன், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைவாக நெருங்கியிருக்கும் இரு புள்ளிகளைப் பிரித்தறிய மாட்டான் என்பது வைத்தியர்கள் கொண்டுள்ள பொது அளவு. அந்த அளவைக் கொண்டு கணக்கிட்டால், 43 அங்குலப் பெட்டியில் முழு எச்.டி. படத்தின் புள்ளிகள் ஐந்தரை அடிக்கு அப்பால் கண்ணுக்கு மறைந்துவிடும். 4கே அளிக்கும் அதிகத் தெளிவை முழுவதும் அனுபவிக்க வேண்டுமாயின், மூன்றடிக்குள் நெருங்கி உட்கார வேண்டும். கூடத்தின் மறு சுவரில் சாய்ந்து, பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு, முக்கால் பங்குப் புள்ளிகள் இருந்தும் இல்லாதவையே. அவ்வளவு தூரத்தில் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் பெட்டி 76 அங்குலத்தை மிஞ்சியிருக்க வேண்டும்.

2006-ம் வருஷம் முதல் தமிழ்நாட்டு சர்க்கார் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு இலவசமாக வழங்கிய 14 அங்குல வர்ணப் பெட்டிகளை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சின்னஞ்சிறு திரையில் பழைய ஒளிபரப்பின் கோடுகளே நாலடிக்கு அப்பால் மறைந்துவிட்டன. அதனால்தான் புள்ளி போதவில்லையென்று அன்று எவரும் முறையிட்டதில்லை. படம் சிறிதாயிற்றே என்பதுதான் குறையாக இருந்தது.

மடை திறந்தும் நீர் வராத வயல்

இது நிற்க. புள்ளிகளைவிட முக்கியமானது அவற்றை நிரப்ப வரும் சரக்கு. இதை விளக்க நம் டெல்டா ஜனங்களுக்கு வேறு உபமானம் தேட வேண்டியதில்லை. வழக்கப்படி ஜூன் 12-ந் தேதி மேட்டூரில் மதகு திறந்தாலும், கடைமடை வயலுக்கு எவ்வளவு நீர் வந்து சேருகின்றது என்பதைப் பொறுத்ததே அங்குள்ள குடியானவனின் குறுவை. நாலு மா வயலைப் பதினாறு மாவாக விரித்து வரப்புப் போட்டுவிட்டால் விளைச்சல் நாலு மடங்காகுமோ? வாய்க்காலில் வரும் நீர் அதே அளவாயிருந்தால், பரந்த வயல் முழுவதும் மெல்லிய ஈரந்தான் மிஞ்சும்.

படத்தின் கதையும் இதுவே. சினிமாக் கொட்டகைகளில் காட்டப்படும் டிஜிட்டல் படத்துக்கு, 2005-ல் வகுக்கப்பட்ட சர்வதேச முறைப்படி, வினாடிக்கு 25 கோடி 'பிட்' வரை தகவல் செல்ல இடமுண்டு. வீட்டிற்கு இன்டர்நெட் வழியாக வரும் 4கே படத்துக்கோ வினாடிக்கு ஒன்றரைக் கோடி பிட் வேகமுள்ள இணைப்புப் போதுமென்று கம்பெனிகள் கூறுகின்றன. சுருக்கும் யுக்தி இரண்டுக்கும் வெவ்வேறாதலால் இதைக் கொண்டு நேர் விகிதம் பேசலாகாது. எனினும் வாய்க்காலின் அகல வித்தியாசம் இதனால் விளங்கும். ஆற்று வெள்ளமும், நெற்கதிர் அசைவும், மழைத் தாரையுமே சுருக்கும் யந்திரத்துக்கு மிகக் கடினமானவை. தகவல் குறைந்தால் முதலில் குழம்புகிறவையும் அவையே. நம் காவேரியின் அழகு நம் பெட்டியிலேயே கலங்கித் தெரிவதன் காரணம் இதுதான்.

கேபிள் வழியாக வரும் சானல்களில் இன்னும் பல பழைய சாதாரண அளவிலேயே வருகின்றன. அவற்றை 4கே பெட்டியில் போட்டால், வந்த ஒரு புள்ளியைக் கொண்டு இருபது புள்ளிகளை நிரப்பும்படியான நிர்ப்பந்தம் பெட்டிக்கு ஏற்படுகின்றது. ஒரு முடி நாற்றை இருபது குழிக்குப் பங்கிட்டு நட்டதுபோலத்தான் அது தோன்றும். 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பமானபோது, நம் கடற்கரை ஊர்களில் உயர்ந்த கம்பங்களில் ஆன்டெனாவைக் கட்டி, பனிபெய்தது போன்ற திரையில் கண்ணைப் பதித்து மகிழ்ந்த தலைமுறை ஒன்று உண்டு. அன்று வாய்க்கால் குறுகலென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்று பெட்டியின் பளபளப்பு அதை மறைக்கின்றது, வேற்றுமை அவ்வளவே.

முற்றத்து வெளிச்சம்

மூன்றாவது விஷயம் வெளிச்சம். நம் பழைய வீடுகள் முற்றத்தைச் சுற்றி அமைந்தவை. முற்றத்துக்கு எதிர்ச் சுவரில் பெட்டியை மாட்டினால், பகல் வெளிச்சம் முழுவதும் திரையில் விழுந்து, கருமை சாம்பலாகிவிடும். படத்தின் உயிர் கருமையில் இருக்கின்றது. இருளும் ஒளியும் நன்றாக விலகி நின்றால், புள்ளி குறைந்த படமும் தெளிவாகத் தோன்றும். அவை கலந்துவிட்டால் 83 லட்சம் புள்ளிகளாலும் பயனில்லை. ஆதலால் முற்றத்துக்கு நேரெதிராக அல்லாமல் பக்கச் சுவரில் பெட்டியை வைத்தல் நலம். இரவில் குழல் விளக்கை அணைத்துவிட்டு, பெட்டியின் பின்புறம் மங்கலான விளக்கொன்றை ஏற்றி வைத்தால் கண்ணுக்கும் இதம், படத்துக்கும் நலம்.

பெட்டியின் அமைப்பிலும் கவனம் வேண்டும். கடைவீதியின் வெளிச்சத்துடன் போட்டியிடுவதற்காகக் கண்ணைப் பறிக்கும் நீலப் பளபளப்பில் பெட்டியை வைத்திருப்பார்கள். வீட்டில் அதை 'சினிமா' என்ற அமைப்புக்கு மாற்றிக்கொண்டால், மனிதர் முகம் மனிதர் முகமாகத் தெரியும். வினாடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்பட்ட படத்தில், இல்லாத சட்டங்களை இடையே பெட்டியே கற்பித்துச் செருகி அசைவை வழவழப்பாக்கும் ஏற்பாடொன்றும் உண்டு. அதனால் பெரிய படமும் நாடக ஒத்திகைபோல் ஆகிவிடுகின்றது. அமெரிக்க நடிகர் டாம் குரூஸ் 2018 டிசம்பரில், அதை நிறுத்தி வைக்கும்படி ரசிகர்களை நேரே வேண்டிக்கொண்டார். இவற்றுக்கெல்லாம் காலணா செலவில்லை என்பதை நேயர்கள் கவனிப்பார்களாக.

தரை டிக்கெட்டுக்காரரின் பாக்கியம்

இனி, கொட்டகைக்கு வருவோம். 1905-ல் திருச்சி ரயில்வே உத்தியோகஸ்தரான சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக் கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகச் சென்ற நாள் முதல், தமிழர்கள் இருட்டில் கூடியமர்ந்து படம் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். அறுவடையான நிலத்தில் கூடாரமடித்த டூரிங் டாக்கியில், மணலைக் குவித்து உயர்த்தி உட்கார்ந்த சுகத்தை முதியோர் இன்றும் பேசுவார்கள். 1973-ல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக 'ராஜராஜ சோழன்' வெளிவந்தபோது, தஞ்சையின் கதைக்கே அகலத் திரை முதலில் விரிந்தது. 2022 செப்டம்பர் 30-ந் தேதி, தஞ்சை ஜில்லாவின் புதல்வரான கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' ஐமாக்ஸ் திரையிலும் வெளியாயிற்று. ஆனால் பழையாறையும் தஞ்சையும் தோன்றும் அக்கதையை அத்திரையில் காண விரும்பிய தஞ்சைவாசி, சென்னை போன்ற பெருநகருக்கு ரயிலேற வேண்டியிருந்தது. காவேரி பாயும் நாட்டுக்குக் காவேரியின் படம் கடைமடையாயிற்று!

கொட்டகையிலும் கண்ணின் கணக்கு மாறுவதில்லை. 2கே படத்துக்கும் 4கே படத்துக்கும் உள்ள வித்தியாசம், திரையின் உயரத்தைப்போல் மும்மடங்கு தூரத்துக்குள் இருப்பவர்களுக்கே நன்கு தெரியும். நீண்ட பழைய கொட்டகைகளில் அந்த எல்லைக்குள் அமர்கிறவர்கள் யார்? அதிகப் பணம் கொடுத்து பால்கனியில் அமரும் கனவான்கள் அல்லர். முன் பெஞ்சிலே அமரும் தொழிலாளிகளே! 4கே யந்திரத்தின் முழுப் பலனும் மலிவு டிக்கெட்டுக்காரரைச் சேருகின்றது என்பது வேடிக்கையான உண்மை.

ஆனால் அவருக்கும் பால்கனிக்காரருக்கும் பொதுவாக ஒரு குறை உண்டு. அது மங்கல். வெண்திரையின் நடுவே 14 'புட் லாம்பர்ட்' ஒளி இருக்க வேண்டுமென்பது உலகம் ஒப்பிய அளவு. விளக்கு பழசானால் ஒளி குன்றும். யந்திர அறையின் கண்ணாடியில் தூசி படிந்தால் இன்னும் குன்றும். புது விளக்கின் விலைக்கு அஞ்சி, ஆயுள் முடிந்த விளக்கையே எரிய விடுகிற இடங்களில், இரவுக் காட்சிகள் யாவும் இருட்டறையாகின்றன. போதாக்குறைக்குப் பக்கத்து ஆசனத்தில் கைபேசி ஒளிர்கின்றது. கொட்டகைக்காரர்களின் கஷ்டத்தையும் நாம் அறியாமலில்லை. டிஜிட்டல் கருவி உரிமையாளர்களின் கட்டணம் குறித்து, 2018 மார்ச் முதல் பட முதலாளிகள் வாரக்கணக்கில் புதுப்படங்களை நிறுத்தி வைத்தது யாவரும் அறிந்ததே. கொட்டகைகள் பல கல்யாண மண்டபங்களாகிவிட்டன. எனினும், மங்கிய படத்தைக் காட்டி ஜனங்களை வீட்டுக்கு விரட்டிவிட்டு, ஜனங்கள் வருவதில்லையென்று வருந்துவது முறையாகாது.

செய்யத்தக்கவை

சுருங்கச் சொல்லின் நம் யோசனைகள் இவை. பெட்டி வாங்குகிறவர், கடைக்காரரின் அலங்காரப் படத்தை நிறுத்தச் சொல்லி, தம் வீட்டில் வரும் சாதாரணச் சானலை ஓட்டச் செய்து, தம் கூடத்தின் தூரத்தில் நின்று பார்க்கட்டும். எத்தனை கே என்று கேட்பதற்கு முன் எத்தனை அடி என்று கேட்கட்டும். 1955-ம் வருஷச் சினிமாச் சட்டப்படி கொட்டகைகளுக்கு லைசென்ஸ் வழங்கும் அதிகாரிகள், கட்டடத்தையும் தீத்தடுப்பையும் சோதிப்பதுடன், திரையின் ஒளியையும் அளந்து, அளவை வாயிலில் எழுதிவைக்கச் செய்யட்டும். அரிசி வாங்கினால் படியைச் சோதிக்கிறோம். படத்துக்கு மட்டும் படிக்கல் வேண்டாமா?

எல்லாவற்றினும் முக்கியமானது மற்றொன்று. பாபநாசத்தில் பிறந்த கே. சுப்ரமணியம், கல்கியின் கதையைக் கொண்டு 1939-ல் எடுத்த 'தியாகபூமி'யை அந்நிய சர்க்கார் தடை செய்தது. அத்தகைய படங்களின் சுருளில் அடங்கிய தெளிவு இன்றைய 4கே-க்குச் சளைத்ததன்று; 1964-ம் வருஷத்துக் 'கர்ணன்' 2012-ல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் கொட்டகைகளை நிரப்பியதே இதற்குச் சாட்சி. ஆனால் நம் முதல் மௌனப் படமான 'கீசக வத'த்தில் ஒரு சுருளும் மிஞ்சவில்லை. எஞ்சிய பழம் படங்களை உயர்ந்த தெளிவில் பிரதியெடுத்துக் காப்பாற்றாவிடில், நாளை நம் கையில் கோடிப் புள்ளிகள் கொண்ட திரை இருக்கும். அதில் காட்ட நம்முடைய படம் இராது. இருட்டு வழியில் நாயக்கர் பூச்சின் அடியே சோழர் சித்திரம் பிழைத்துக் கிடந்தது. படச்சுருளுக்கு அந்தப் பொறுமை கிடையாது.