கடைக்குள் நாய்: எதை மறுக்கலாம், எதை மறுக்க முடியாது?

சில காலத்திற்கு முன்னர் லண்டனிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் எமது ஊரைச் சேர்ந்த சகோதரர். கிழக்கு லண்டனில் சிறியதொரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கடையின் ஒரு பக்கத்தில் நான்கு மேசைகளைப் போட்டு ரோல்ஸ், சமோசா, தேநீர் வியாபாரமும் நடக்கிறது.

"நானா, நேத்து கண் தெரியாத ஒருத்தர் நாயோட கடைக்கு வந்திருக்கார். நான் அந்த நேரம் இல்ல. வேலைக்கு நிக்கிற பொடியன், நாய் உள்ளுக்கு வர ஏலாது என்டு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டான். இன்டைக்கு அந்த மனுசன்ட மகள் வந்து வழக்குப் போடுவேன் என்டு சொல்லிட்டுப் போறா. எங்கட கடை, எங்கட மார்க்கம். நாய விட மாட்டோம் என்டு சொல்ல எங்களுக்கு உரிமை இல்லையா?"

அவரது கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வெளிநாடுகளில் கடை, சாப்பாட்டுக் கடை, டெக்ஸி என்று தொழில் செய்யும் எம்மவர்களில் பலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பிரச்சினை தொடங்குவதும் அங்கேதான்.

முதலாவது, செல்லமாக வளர்க்கப்படும் நாய். மாலையில் நாயை நடக்கக் கூட்டிச் செல்பவர் அப்படியே கடைக்குள்ளும் நுழைகிறார். பிரித்தானியாவில் இது சர்வசாதாரணம். இந்த நாயை உள்ளே அனுமதிப்பதா இல்லையா என்பது முழுக்க முழுக்கக் கடைக்காரரின் விருப்பம். உணவுச் சட்டமே நாயைத் தடை செய்கிறது என்று எம்மவர்கள் சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. உணவு தயாரிக்கும், கையாளும், களஞ்சியப்படுத்தும் இடங்களுக்குள் வளர்ப்புப் பிராணிகள் வராமல் பார்த்துக்கொள்ளும்படிதான் அந்நாட்டு உணவுச் சுகாதார விதிகள் கூறுகின்றன. வாடிக்கையாளர் அமர்ந்து சாப்பிடும் பகுதியில் நாய் இருக்கக் கூடாது என்று பொதுவான தடை ஏதும் இல்லை. அதனால்தான் அங்கு பல மதுபானக் கடைகளிலும் கோப்பிக் கடைகளிலும் மேசைக்கடியில் நாய் படுத்திருப்பதைக் காண்கிறோம். அவர்கள் அனுமதிக்கிறார்கள், நீங்கள் அனுமதிக்காமல் விடலாம். காரணம் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. வாசலில் ஓர் அறிவித்தல் போதும்.

இரண்டாவது, வேலை செய்யும் நாய். கண் பார்வையற்றவரை வீதியில் அழைத்துச் செல்லும் வழிகாட்டி நாய், காது கேளாதவருக்கு மணியோசையை உணர்த்தும் நாய், வலிப்பு நோயாளியை முன்கூட்டியே எச்சரிக்கும் நாய் எல்லாம் இதில் அடங்கும். பொதுவாக இவற்றை உதவி நாய்கள் என்பார்கள். முதலாம் உலகப் போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்காக 1916 இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் ஆரம்பித்த பயிற்சிதான் இதன் தொடக்கம். பிரித்தானியாவில் 1931 இல் லிவர்பூலுக்கு அருகிலுள்ள வொலஸியில் முதல் நான்கு வழிகாட்டி நாய்கள் பயிற்றப்பட்டன.

இந்த நாயை மறுக்கும் உரிமை கடைக்காரருக்கு இல்லை. 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் எவரும் வலது குறைந்தோருக்காக நியாயமான மாற்றங்களைச் செய்ய வேண்டும் என்கிறது. நாய்க்குத் தடை என்ற கடையின் விதியை உதவி நாய்க்குத் தளர்த்துவது அத்தகைய மாற்றங்களில் ஒன்று. சட்டத்தின் பார்வையில் நீங்கள் வாசலில் நிறுத்துவது நாயை அல்ல, மனிதரை. "எனது மார்க்கம் அனுமதிக்காது" என்பது அங்கே ஒரு காரணமாக ஏற்கப்படுவதில்லை. பாதிக்கப்பட்டவர் சிவில் நீதிமன்றம் சென்று நட்டஈடு கோரலாம்.

டெக்ஸி ஓட்டும் சகோதரர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு இது சிவில் வழக்கு மட்டுமல்ல, குற்றச் செயல். உதவி நாயோடு வரும் பயணியை ஏற்ற மறுத்தாலோ நாய்க்கென மேலதிகக் கட்டணம் கேட்டாலோ 1,000 பவுண் வரை அபராதம் விதிக்கப்படலாம். ஆஸ்துமா, ஒவ்வாமை போன்ற வைத்தியக் காரணங்களுக்காக மட்டும் உள்ளூர் அதிகார சபையிடம் விலக்குச் சான்றிதழ் பெறலாம். மார்க்கக் காரணத்திற்கு விலக்கு இல்லை. டெக்ஸி அனுமதிப்பத்திரத்தை வழங்குவதும் அதே சபைதான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சரி, சட்டம் இருக்கட்டும். மார்க்கம் உண்மையில் தடுக்கிறதா?

எம்மில் பெரும்பாலானோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். அதன்படி நாய் கடுமையான நஜீஸ். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும் என்பது சிறு வயதில் மத்ரஸாவில் படித்த பாடம். அதே பாடத்தின் அடுத்த பகுதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். உலர்ந்த நாய் உலர்ந்த தரையில் நடப்பதாலோ, உலர்ந்த ஆடையில் உரசுவதாலோ நஜீஸ் தொற்றுவதில்லை. இரண்டில் ஒன்றில் ஈரம் இருந்தால்தான் கழுவும் சட்டம் வருகிறது. நாயைத் தொட்டால் உழு முறிந்துவிடும் என்று நினைப்பவர்களும் எம்மில் இருக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. நஜீஸ் பட்ட இடத்தைக் கழுவுவது வேறு, உழு முறிவது வேறு. ஹனபி மத்ஹபில் நாயின் உமிழ்நீர் நஜீஸ் என்றாலும் அதன் உடல் நஜீஸ் அல்ல என்பதே வலுவான கருத்து. மாலிகி மத்ஹபில் நாய் சுத்தமானது என்றே கொள்கிறார்கள்.

மேலும், வேட்டைக்கும் கால்நடை, பயிர்களின் காவலுக்கும் நாய் வைத்திருக்க ஹதீஸ்களில் அனுமதி உண்டு. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பற்றி ஸூரா அல்மாஇதாவின் 4 ஆவது வசனமே பேசுகிறது. ஆட்டு மந்தைக்குக் காவலாக நாய் இருக்கலாமென்றால் பார்வையற்ற மனிதருக்குக் கண்ணாக இருப்பதைப் பற்றி என்ன சொல்வது? பிரித்தானிய உலமாக்களும் இவ்வழியில்தான் சிந்தித்தார்கள். பயிற்றப்பட்ட உதவி நாய்கள் முஸ்லிம்களின் உணவகங்களுக்கும் டெக்ஸிகளுக்கும் வரலாம் என்று அங்குள்ள ஷரீஆ கவுன்சில் தெளிவுபடுத்தியது. 2008 இல் லெஸ்டர் நகரில் பார்வையற்ற முஸ்லிம் மாணவர் ஒருவர் தனது வழிகாட்டி நாயுடன் பள்ளிவாசலுக்கு வர அனுமதி வழங்கப்பட்டது. தொழும் இடத்திற்கு அல்ல, அதற்கு வெளியே நாய்க்கென ஒதுக்கப்பட்ட ஓர் இடம் வரை. பள்ளிவாசல் வளவுக்குள்ளேயே வழி செய்ய முடிந்தபோது, பருப்பும் அரிசியும் விற்கும் இடத்தில் முடியாது என்று எப்படிச் சொல்வது?

நடைமுறைக்கு வருவோம். உதவி நாய் சாதாரணமாகக் கடைக்குள் ஓடித் திரிவதில்லை. உரிமையாளரின் காலடியில் அல்லது மேசைக்கடியில் அமைதியாகப் படுத்திருக்கவே அதற்குப் பயிற்சி. எனவே அவரைச் சுவரோரமாக உள்ள மேசையில் அமர்த்துங்கள். பலசரக்குக் கடையென்றால், தேவையான சாமான்களைக் கேட்டு நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுவது இருவருக்கும் இலகு. நாயை அழைக்கவோ, தடவவோ, தீனி போடவோ வேண்டாம். அது வேலையில் இருக்கிறது. (நாயைத் தொடாமலிருக்க வேண்டும் என்பது எமக்கும் வசதிதான்.) நாய்க்குப் பயப்படும் ஊழியர் இருந்தால் வேறொருவரை அனுப்புங்கள். கடையின் பின்னறையில் தொழுபவர்கள் அந்த இடத்தையும் முஸல்லாவையும் கடைப் பாதணிகள் படாமல் வைத்துக்கொள்வது எப்படியும் வழக்கம்தானே. லண்டனின் மழையில் தரை நனைந்திருந்தால் அவர் சென்ற பின்னர் அந்த இடத்தை முறைப்படி கழுவிவிடலாம். நாய் குரைத்து மற்றவர்களைத் தொந்தரவு செய்தால், கட்டுக்கடங்காமல் நடந்தால், வெளியே கொண்டுபோகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

செல்ல நாயைக் கொண்டுவந்து உதவி நாய் என்று பொய் சொல்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். பிரித்தானியாவில் வழிகாட்டி நாய்கள் பெரும்பாலும் கைபிடியுள்ள வெள்ளை நிறப் பட்டியோடு வரும், ஆனால் பட்டியோ அடையாள அட்டையோ கட்டாயம் என்று சட்டம் இல்லை. அமெரிக்காவில் இதற்குத் தெளிவான வழி உண்டு. அங்கு கடைக்காரர் இரண்டே கேள்விகள் கேட்கலாம்: இந்த நாய் உங்கள் இயலாமை காரணமாகத் தேவைப்படுகிறதா? என்ன வேலைக்கு அது பயிற்றப்பட்டுள்ளது? நோய் என்னவென்றோ சான்றிதழ் எங்கேயென்றோ கேட்க முடியாது. 2011 மார்ச் முதல் அமுலில் உள்ள விதிகளின்படி, வெறுமனே மன ஆறுதலுக்காக வைத்திருக்கும் பிராணி இந்தப் பாதுகாப்புக்குள் வராது. சந்தேகம் இருந்தால் அனுமதித்துவிடுவதுதான் கெட்டித்தனம் என்பது எனது அபிப்பிராயம். ஒரு பொய்யனை உள்ளே விட்டதால் வரும் நட்டத்தைவிட, ஒரு பார்வையற்றவரைத் தெருவில் நிறுத்தியதால் வரும் நட்டம் பெரியது. பணத்தால் மட்டும் அல்ல.

எமது நாட்டில் நிலைமை வேறு. இங்கு சாப்பாட்டுக் கடை வாசலில் படுத்திருப்பது பெரும்பாலும் வீதி நாய்தான். அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துக்கொள்வார். கொழும்பில் நாய்க்குட்டியைக் கையில் ஏந்தியபடி புடவைக் கடைக்கும் பாமஸிக்கும் வருபவர்களை இப்போது காண்கிறோம். மறுப்பதென்றால் மரியாதையாக மறுக்கலாம். "மெடம், நீங்க வெளியிலயே இருங்க, என்ன வேணுமென்டு சொன்னா நாங்க கொண்டுவந்து தாறோம்" என்றால் வியாபாரமும் நடக்கும், மனமும் நோகாது. முகத்தைச் சுளித்து "ச்சீ" என்பது நாய்க்குப் புரியாது, வந்தவருக்குப் புரியும். வழிகாட்டி நாய் எமது வீதிகளில் அரிது. ஆயினும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க வலது குறைந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பொதுமக்கள் செல்லக்கூடிய எந்தவொரு இடத்திற்கும் செல்வதில் இயலாமை காரணமாக ஒருவருக்குத் தடை விதிக்கக் கூடாது என்கிறது. நாளை ஒரு சுற்றுலாப் பயணி வழிகாட்டி நாயுடன் காலிக் கோட்டையிலுள்ள எம்மவர் கடை வாசலில் வந்து நின்றால், கெஷியர் மேசையில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

லண்டன் சகோதரரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். மறுநாளே அந்தப் பொடியனையும் கூட்டிக்கொண்டு அந்த மனிதரின் வீட்டுக்குப் போயிருக்கிறார். மகள் முதலில் கதவைத் திறக்கவே விரும்பவில்லையாம். தந்தைதான் உள்ளே வரச் சொல்லியிருக்கிறார். அரை மணித்தியாலம் பேசியிருக்கிறார்கள். நாய் பக்கத்தில் படுத்திருந்ததாம், பொடியன் சோபாவின் மறு மூலையில் ஒடுங்கி இருந்தானாம். வழக்கு எதுவும் வரவில்லை.

கடைக் கதவிலிருந்த பழைய அறிவித்தலைக் கழற்றிவிட்டு இப்போது புதியதொன்றை ஒட்டியிருக்கிறார். அதன் படத்தையும் எனக்கு அனுப்பினார்: "நாய்களுக்கு அனுமதி இல்லை. உதவி நாய்கள் வரலாம்."