பட்டறைக் கழிவு நஞ்சு நீரைத் தூய்மையாக்கும் விதம்

கடைசல் பட்டறைக்குச் சென்றவர் எவரும் இயந்திரத்தின் அடியில் குவிந்து கிடக்கும் இரும்புச் சீவலைக் கண்டிருப்பர். வார்ப்பிரும்பைக் கடையும்போது பொடியும் சில்லுமாக உதிர்வது அது. பழைய இரும்பு வாங்குவோருக்கு எடைபோட்டுக் கொடுப்பதைத் தவிர அதனால் வேறு பயன் உண்டென்று நாம் எண்ணுவதில்லை. ஆயினும் இச்சீவலே நஞ்சு கலந்த கிணற்று நீரைக் குடிநீராக்க உதவி வருகிறது. ஓர் ஆலையின் கழிவு மற்றோர் ஆலையின் கழிவை முறிக்கும் இம்முறையை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் அறிந்துகொள்வது நலம்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

நீரில் கலக்கும் மாசுகள் பலவகைப்படும். நோய்க்கிருமிகளைக் காய்ச்சியும் குளோரின் இட்டும் அழித்துவிடலாம். ஈயம், காட்மியம், குரோமியம் முதலிய உலோகங்களும், பாஷாண வகையைச் சேர்ந்த ஆர்சனிக்கும் அவ்வாறு அழிவன அல்ல. காய்ச்சினால் நீர்தான் ஆவியாகும். நஞ்சு எஞ்சிய நீரில் இன்னும் செறிவாகவே நிற்கும். துணியில் வடிகட்டினாலும் கரைந்துள்ள உலோகம் துணியில் தங்காது. இவற்றுட் பல, நீரின் நிறத்தையும் சுவையையும் மாற்றாமலே உடலிற் சேர்வதால் மக்கள் ஐயம் கொள்வதுமில்லை.

இந்தியத் தர அளவின்படி, குடிநீர் ஒரு லிட்டரில் ஆர்சனிக் 0.01 மில்லிகிராமுக்கும், குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது. ஒரு இலட்சம் லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டி முழுவதற்கும் ஒரே ஒரு கிராம் ஆர்சனிக்தான் எல்லை என்றால், இந்நஞ்சின் கடுமை விளங்கும்.

வங்கதேசம் கற்ற பாடம்

குளத்து நீரால் பரவும் வாந்திபேதியைத் தடுக்க வேண்டி வங்கதேசத்தில் இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. கிருமிகளினின்றும் மக்கள் தப்பினர். ஆனால் நிலத்தடிப் படிவுகளில் இயற்கையாகவே ஆர்சனிக் இருந்தது. கிணற்று நீரில் அது கலந்திருப்பது அங்கே 1993ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. தோலில் கருந்திட்டுகளும், உள்ளங்கை உள்ளங்கால்களில் தடிப்பும், நாளடைவில் புற்றுநோயும் தோன்றின. 3½ கோடி முதல் 7 கோடியே 70 இலட்சம் வரை மக்கள் இவ்வாபத்திற்கு உட்பட்டிருக்கலாம் என்று 2000ஆம் ஆண்டில் மதிப்பிடப்பட்டது.

நோய் பரவிய ஊர்களில் மின்சாரமும் பெரும் இயந்திரமும் வேண்டாத எளிய சாதனமே பயன்படும். முதலில் மூன்று மண் குடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறை தோன்றியது. மேற்குடத்தில் மணலும் இரும்புச் சீவலும், நடுக்குடத்தில் மணலும் மரக்கரியும் இடப்பட்டன; அடிக்குடத்தில் தூய நீர் சேர்ந்தது. நஞ்சு நீங்கியது உண்மை. எனினும் சீவல் துருவேறி ஒன்றோடொன்று பற்றிக் கட்டியாக இறுகியதால், நாளடைவில் நீர் இறங்குவது தடைப்பட்டது.

குஷ்டியா என்னும் ஊரைச் சேர்ந்தவரும், அமெரிக்காவில் இரசாயனப் பேராசிரியராக விளங்கியவருமான அபுல் ஹுஸ்ஸாம் இக்குறையைத் தீர்க்க முனைந்தார். வார்ப்பிரும்புச் சீவலைப் பக்குவப்படுத்தி, நீர் தங்குதடையின்றி ஊடுருவும் நுண்துளையுள்ள பொருளாக அவர் ஆக்கினார். இரு வாளிகளில் இப்பொருளையும் ஆற்று மணல், மரக்கரி, செங்கல் சல்லி ஆகியவற்றையும் அடுக்கிச் செய்ததே 'சோனோ' வடிகட்டி. இதற்கு 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 10 இலட்சம் டாலர் கொண்ட கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது. பரிசுத் தொகையின் பெரும்பகுதியை மேலும் வடிகட்டிகளை வழங்கவே அவர் ஒதுக்கினார்.

துரு செய்யும் தொண்டு

இதில் மாயம் ஏதுமில்லை. இரும்பு நீரிலும் காற்றிலும் படும்போது துருப்பிடிக்கிறது. ஏர்க்கொழுவைத் தின்னும் அதே துருதான் இங்கே நமக்குத் தொண்டு செய்கிறது. துருவின் மேற்பரப்பு ஆர்சனிக்கை இரசாயனப் பிணைப்பால் பற்றிக்கொள்கிறது. சீவல் சிறு சிறு துணுக்குகளாக இருப்பதால் நீர் படும் பரப்பு மிகுதி. ஆகவே பிடிக்கும் நஞ்சும் மிகுதி. இரும்போடு கலந்துள்ள சிறிதளவு மாங்கனீசு, எளிதில் பிடிபடாத ஆர்சனிக் வகையைப் பிடிபடும் வகையாக மாற்றத் துணைசெய்கிறது.

குரோமியத்திற்கு நிலத்தடிச் சுவர்

குரோமியம் இருவகை. தோல் பதனிடப் பயன்படும் மூவிணைதிறன் குரோமியம் நீரில் எளிதில் பரவுவதில்லை. குரோமேட்டு உப்புகளிலுள்ள அறுவிணைதிறன் குரோமியமோ கொடியது. நீரில் கரைந்து நெடுந்தூரம் செல்லும். இரும்பு இதனோடு சேரும்போது கொடிய வகை மூவிணைதிறன் வகையாக மாறி, கரையாத வண்டலாகப் படிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் எலிசபெத் நகரிலுள்ள கடலோரக் காவற்படை நிலையத்தில், முலாம் பூசும் கூடத்திலிருந்து குரோமியம் கசிந்து நிலத்தடி நீரைக் கெடுத்திருந்தது. 1996ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நீர் செல்லும் வழியில் 46 மீட்டர் நீளமும், 7.3 மீட்டர் ஆழமும், 0.6 மீட்டர் அகலமும் உள்ள அகழி தோண்டி, அதில் இரும்புத் துணுக்குகளை நிரப்பினர். நீர் அச்சுவரைத் தானாகவே ஊடுருவிச் செல்கிறது. குரோமியம் அதில் தங்கிவிடுகிறது. எட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் சுவர் தன் பணியைச் செவ்வனே செய்து வந்தது ஆராய்ச்சியில் தெரிந்தது.

இச்செய்தி நமக்குத் தொலைவானதன்று. பாலாற்றங்கரையில் தோல் ஆலைக் கழிவால் நீரும் நிலமும் கெட்டதை முன்னிட்டு, உச்ச நீதிமன்றம் 28-8-1996 அன்று, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலையொன்று விட்டுச்சென்ற கழிவுக் குவியலும் நிலத்தடி நீரைக் கெடுத்தது.

செய்யத் தகாதன

இதைப் படித்துவிட்டு, கிடைத்த இரும்புப் பொடியைக் கிணற்றில் கொட்டுவது பெருந்தவறு. சீவலில் இயந்திர எண்ணெய் கலந்திருக்கலாம். துருப்பிடிக்காத எஃகின் சீவலிலோ குரோமியமே கலந்துள்ளது. அனல் மின் நிலையச் சாம்பலைக் காரநீரில் வேகவைத்து, ஈயம், செம்பு முதலியவற்றைப் பற்றும் 'சியோலைட்டு' என்னும் பொருளை ஆக்கலாம். ஆனால் பக்குவப்படுத்தாத சாம்பலிலிருந்து உலோகங்கள் நீரிற் கசியக்கூடும். ஆகவே எக்கழிவும் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்ட பின்னரே நீரைத் தொட வேண்டும்.

நஞ்சைப் பற்றிய பொருளும் ஒருநாள் நிறைந்துவிடும். அதனை வயலிலோ ஓடையிலோ எறிந்தால், பிடித்த நஞ்சை நாமே திரும்ப அவிழ்த்துவிட்டவர் ஆவோம். அதனை அகற்றும் வழியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாரிடம் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

ஊராட்சியின் கடமை

முதற்கடமை நீரைச் சோதிப்பதே. எந்த நஞ்சு, எவ்வளவு என்று தெரியாமல் மருந்து தேடுதல் வீண். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்திற்கு மாதிரி அனுப்பும்போது, அருகில் தோல் ஆலை, முலாம் பட்டறை முதலியன இருப்பின் அதனையும் குறிப்பிட்டு, உலோகச் சோதனையைத் தனியே கேட்க வேண்டும். வழக்கமான உப்புச் சோதனை மட்டும் இவற்றைக் காட்டாது. முடிவை உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கூடும் கிராம சபையில் படித்துக் காட்டலாம். கெட்ட கிணற்றைக் குறியிட்டு, மாற்றுக் குடிநீர் கிடைக்கும் வரை அதைப் பருகாமல் தடுப்பது அடுத்த கடமை. வடிகட்டி அமைப்பதாயின், அமைத்த நாளோடு விட்டுவிடாமல் குறித்த காலந்தோறும் வெளிவரும் நீரைச் சோதித்துவரல் வேண்டும்.

கழிவைப் பொருளாக்குவது அறிவுடைமை. கழிவே நீரில் கலவாமல் காப்பது அதனினும் பெரிய அறிவுடைமை. கெட்ட நீரைத் தூய்மையாக்க ஆண்டுகள் பல செல்லும். கெடாமல் காக்க ஊரார் விழிப்போடு இருந்தாற் போதும்.