ஆளில்லாமல் நிறுவப்படும் இயக்க முறைமை

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் 40 கணிப்பொறிகள் உள்ளன. அனைத்திலும் லினக்ஸ் இயக்க முறைமையைப் புதிதாக நிறுவ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொழி எது, விசைப்பலகை எது, வட்டை எவ்வாறு பிரிப்பது என்று திரையில் தோன்றும் கேள்விகளுக்கெல்லாம் விடையளித்து முடிக்க, ஒரு பொறிக்கு அரைமணி நேரம் ஆனால், மொத்தம் 20 மணி நேரம் தேவை. அதுமட்டுமன்று, ஒரே விடையை நாற்பது முறை அளிப்பவர் ஓரிடத்திலேனும் தவறுவார். இவ்வேலையைக் கணிப்பொறிகளே தமக்குள் பேசி முடித்துக்கொள்ள வழியுண்டு. அதனைக் காண்போம்.

முதற்புதிர்

வெற்று வட்டுடைய கணிப்பொறி வலையின் வழியே நிரலைப் பெற வேண்டும். ஆனால், வலையில் பேசுவதற்கே ஒரு நிரல் வேண்டுமே! இச்சிக்கலை அவிழ்ப்பது, அழியா நினைவகத்தில் முன்கூட்டியே பதிக்கப்பட்டுள்ள ஒரு சிறு நிரலாகும். இதற்கான வரையறையை இன்டெல் நிறுவனம் 'பி.எக்ஸ்.இ.' என்ற பெயரில் வகுத்தது, அதன் 2.1ஆம் பதிப்பு 1999இல் வெளிவந்தது.

மின்சாரம் வந்தவுடன் அந்நிரல், "என் வலை அட்டையின் எண் இது; எனக்கு முகவரி தருவோர் உண்டோ?" என்று வலை முழுவதும் கேட்குமாறு வினவுகிறது. இந்த எண் 48 பிட் நீளமுள்ளது. அட்டையைச் செய்யும்போதே அதில் பொறிக்கப்படுவது. வினாவுக்கு விடையளிப்பது 'டி.எச்.சி.பி.' எனும் விதிமுறைப்படி இயங்கும் வழங்கிக் கணிப்பொறி. 1985இல் தோன்றிய 'பூட்பி' என்னும் விதிமுறையின் விரிவே 1993இல் வந்த இது. விடையில் மூன்று செய்திகள் இருக்கும்: உன் முகவரி இது, கோப்புகள் உள்ள வழங்கி இது, நீ முதலில் பெறவேண்டிய கோப்பின் பெயர் இது.

துண்டு துண்டாக

அக்கோப்பைக் கொண்டுவர உதவுவது 'டி.எஃப்.டி.பி.' என்ற மிக எளிய விதிமுறை. சிறு நினைவகத்தில் அடங்க வேண்டும் என்பதற்காகவே இத்தனை எளிமை. கோப்பு 512 பைட் கொண்ட துண்டுகளாக வருகிறது. ஒரு துண்டு கிடைத்ததாகப் பதில் வந்த பின்னரே அடுத்தது அனுப்பப்படும். 512 பைட்டுக்குக் குறைவான துண்டு வந்தால், கோப்பு முடிந்தது என்று பொருள்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். துண்டு சென்று பதில் திரும்ப ஒரு மில்லி விநாடி ஆகிறது என்று கொண்டால், 3 கோடி பைட் கோப்பில் ஏறத்தாழ 58,600 துண்டுகள். அதாவது ஒரு நிமிடம். ஆனால், 300 கோடி பைட் கொண்ட முழுத் தொகுப்புக்கு ஒன்றரை மணி நேரத்திற்கும் மேலாகும்! எனவே இயக்க முறைமையின் கருவையும் நிறுவும் நிரலையும் மட்டும் இவ்வழியில் பெற்று, எஞ்சியவற்றை வேகமான எச்.டி.டி.பி. வழியில் பெறுகிறார்கள்.

முன்பே எழுதிய விடைத்தாள்

இனிக் கேள்விகளுக்கு யார் விடையளிப்பது? எல்லா விடைகளையும் ஒரு கோப்பில் எழுதி வழங்கியில் வைத்துவிட்டால் போதும். ரெட்ஹாட் லினக்ஸில் இதற்குக் 'கிக்ஸ்டார்ட்' என்று பெயர், டெபியனில் 'பிரிசீட்'. மொழி, நேர மண்டலம், வட்டின் பிரிவுகள், வேண்டிய மென்பொருள்கள் ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். நிறுவும் நிரல் அதைப் படித்துக்கொண்டே வேலையை முடித்துவிடும்.

யார் கேட்டாலும் விடையா?

இங்கே ஓர் ஆபத்து உண்டு. விடைத்தாளில் 'வட்டு முழுவதையும் அழி' என்று எழுதியிருந்தால், 'அழிக்கட்டுமா?' என்று கேட்க எவரும் இல்லை. ஒருமுறை பழுது பார்க்க வந்த கணிப்பொறி ஒன்றை எங்கள் ஆய்வுக்கூட வலையில் இணைத்துவிட்டோம். வட்டுக்கு முன் வலையை நாடுமாறு அது அமைக்கப்பட்டிருந்தது. வழங்கி வழக்கம்போல் விடையளித்தது. ஒரு மாணவர் மூன்று மாதம் எடுத்த நிறமாலை அளவீடுகள் அழிந்தன. பொறி தன் கடமையையே செய்தது, பிழை என்னுடையது.

இதைத் தவிர்ப்பது எளிது. 'பிஎக்ஸ்இலினக்ஸ்' எனும் தொடக்க நிரல், வலை அட்டையின் எண்ணைப் பெயராகக் கொண்ட அமைப்புக் கோப்பைத் தேடும்; பிறகு, கணிப்பொறி பெற்ற வலை முகவரியின் பெயரில் தேடும்; எதுவும் இல்லையெனில் பொதுக் கோப்பை எடுக்கும். அப்பொதுக் கோப்பில் 'உன் வட்டிலிருந்தே தொடங்கு' என்று மட்டும் எழுத வேண்டும். நிறுவ வேண்டிய பொறிகளுக்கு மட்டும் தனிக் கோப்புகள் வைத்து, வேலை முடிந்ததும் நீக்கிவிட வேண்டும். இல்லையேல், நிறுவி முடித்து மீண்டும் தொடங்கும் கணிப்பொறி மறுபடியும் வலையை நாடி, முடிவின்றி நிறுவிக்கொண்டே இருக்கும்!

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. வினவும் கணிப்பொறி, விடையளிப்பவர் யார் என்று சோதிப்பதில்லை. ஆகவே நிறுவும் வேலையைத் தனி வலையில் செய்வதே நன்று. கேள்வி கேட்காத கருவியிடம் வேலையை ஒப்படைக்குமுன், அது கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதற்கேள்வி இதுதான்: "இந்த வட்டில் யாருடைய உழைப்பேனும் இருக்கிறதா?"