நீக்கியதற்கும் கணக்கு உண்டு

நுழையும்முன்

சமூக ஊடகத்தில் ஒருவர் வெளியிட்ட பதிவு திடீரெனக் காணாமற்போகிறது. அதனை நீக்கியவர் யார்? எந்த விதியின்கீழ் நீக்கினார்? தவறாக நீக்கியிருந்தால் யாரிடம் முறையிடுவது? கோடிக்கணக்கானோர் உரையாடும் வெளியைத் தனியார் நிறுவனங்கள் ஆளும் இக்காலத்தில், இவ்வினாக்களுக்கு விடையளிக்க முயலும் ஆவணமே வெளிப்படைத்தன்மை அறிக்கையாகும்.

மட்டுறுத்தல்

வெறுப்புப் பேச்சு, வன்முறைக் காட்சி, மோசடி விளம்பரம் முதலியவற்றைக் கண்டறிந்து நீக்குதல், பரவாமல் தடுத்தல், அவற்றை வெளியிட்டோரின் கணக்கை முடக்குதல் ஆகியன உள்ளடக்க மட்டுறுத்தல் எனப்படும். இப்பணியில் தானியங்கி மென்பொருளும் மனித மட்டுறுத்துநர்களும் ஈடுபடுகின்றனர். இரு வழியிலும் பிழை நேரலாம். வன்முறையைக் கண்டிக்கும் செய்திக் காணொலியை, வன்முறையைப் போற்றும் காணொலி என மென்பொருள் கருதிவிடக்கூடும். வட்டார வழக்கு அறியாதவருக்கு நகைச்சுவை வசையாகவும், வசை நகைச்சுவையாகவும் தோன்றக்கூடும். எனவே, நீக்கும் அதிகாரம் உடையவர் அதற்குக் கணக்குக் காட்டுதல் இன்றியமையாததாகிறது.

அறிக்கையின் வளர்ச்சி

அரசுகள் தன்னிடம் விடுத்த தகவல் கோரிக்கைகளையும் நீக்கக் கோரிக்கைகளையும் கூகுள் நிறுவனம் 2010ஆம் ஆண்டு முதல் வெளியிடத் தொடங்கியது. ட்விட்டர் நிறுவனம் 2012இல் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. ஆயினும், நிறுவனங்கள் தம் விதிகளின்படி தாமே நீக்கியவற்றின் விரிவான கணக்கு, பிற்காலத்திலேயே கிடைத்தது. யூடியூபும் முகநூலும் 2018இல் அத்தகைய அறிக்கைகளை வெளியிட்டன. அதே ஆண்டில் உரிமை அமைப்புகளும் அறிஞர்களும் சாண்டா கிளாரா கோட்பாடுகளை வகுத்தனர். நீக்கியவற்றின் எண்ணிக்கையை வெளியிடுதல், பயனருக்குக் காரணத்தை அறிவித்தல், முறையீட்டிற்கு வாய்ப்பளித்தல் ஆகிய மூன்றும் அவற்றின் அடிப்படையாகும்.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

ஜெர்மனியில், சட்டத்திற்குப் புறம்பான பதிவுகள் குறித்த புகார்களைப் பெறும் பெரிய சமூக வலைத்தளங்கள் அரையாண்டுக்கு ஒருமுறை அறிக்கையிட வேண்டும் என 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பணித்தது. 2018ஆம் ஆண்டின் முதல் அரையாண்டில் யூடியூபும் ட்விட்டரும் தனித்தனியே இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட உருப்படிகள் குறித்துப் புகார் வந்ததாகத் தெரிவித்தன. முகநூல் காட்டிய கணக்கோ 1,704 பதிவுகள் மீதான 886 புகார்கள் மட்டுமே!

முகநூலில் தீய பதிவுகள் குறைவு என்பது இதன் பொருளன்று. அச்சட்டத்திற்குரிய புகார்ப் படிவம் எளிதில் காணமுடியாத இடத்தில் இருந்தது. வழக்கமான புகார் வசதியின்வழி வந்தவை கணக்கில் முறையாகச் சேரவில்லை. இவ்வறிக்கை முழுமையற்றது எனக் கருதிய ஜெர்மனியின் கூட்டாட்சி நீதி அலுவலகம், 2019 ஜூலையில் 20 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. எத்தனை என்பதோடு எதனை எண்ணினர், எவ்வாறு எண்ணினர் என்பதும் தெரிந்தாலன்றி எண் உண்மையைக் காட்டாது.

நீக்கங்கள் பெருகியமைக்குத் தீய பதிவுகள் பெருகியது காரணமாகலாம். விதி கடுமையானதும் காரணமாகலாம். மென்பொருளின் பிழையும் காரணமாகலாம். ஆதலால், மக்களின் பார்வைக்கு எட்டியது எவ்வளவு என்னும் அளவீடு உருவானது. 2020ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டில் ஒவ்வொரு 10,000 பார்வைகளிலும் 16 முதல் 18 வரை விதிமீறிய காணொலிகளுக்கு உரியவை என யூடியூப் அறிவித்தது. இதுவும் நிறுவனம் தானே அளந்து கூறியதாகும். பிறர் சரிபார்க்கும்போதே இதற்கு நம்பகம் கூடும்.

சட்டமும் மொழியும்

ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய எண்மச் சேவைகள் சட்டம், மிகப்பெரிய தளங்கள் ஆண்டுதோறும் சார்பற்ற தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்கிறது. ஒன்றியத்தின் ஆட்சிமொழிகள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மட்டுறுத்துநர்கள் உள்ளனர் என்பதையும் அவை வெளியிட வேண்டும்.

இந்தியாவின் 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட பதிவுபெற்ற பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்கள் மாதந்தோறும் அறிக்கை வெளியிட வேண்டும் எனப் பணிக்கின்றன. வந்த புகார்கள், எடுத்த நடவடிக்கை, தானியங்கிக் கருவிகளால் நீக்கியவற்றின் எண்ணிக்கை ஆகியன அதில் இடம்பெறும். ஆயின், மொழிவாரிக் கணக்கை அவ்விதிகள் வெளிப்படையாகக் கோரவில்லை. தமிழ்ப் பதிவுகளைத் தமிழறிந்தோர் ஆராய்கின்றனரா என்பது, தமிழில் எழுதும் ஒவ்வொருவரும் விடை பெறவேண்டிய வினாவாகும்.

கற்பவை கற்றபின்

சமூக ஊடகம் ஒன்றின் மாதாந்திர அறிக்கையைப் படித்து, அது கூறும் செய்திகளையும் கூறாமல் விடுத்தவற்றையும் அட்டவணைப்படுத்தி வகுப்பறையில் கலந்துரையாடுக.