ஒரு ராத்திரி... மூணு கதவு!

'பிள்ளைப்பேறு மறுபிறப்புடா' என்பாள் எங்கள் பாட்டி. எட்டுப் பெற்று மூணைப் பறிகொடுத்தவள். சொல்ல உரிமை உண்டு.

போன மாசம் என் பெண்ணுக்குப் பிரசவம். எங்கள் ஊர் சீயமங்கலம். மகேந்திர பல்லவன் குடைந்த குகைக்கோயிலைப் பார்க்க வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். கார் பிடித்து, செஞ்சிக் கோட்டையைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல், திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி பத்து மணி. அங்கே அன்றைக்கு மூணு பிரசவம். டாக்டரம்மா ஒருத்தர்தான். இந்த ரூமுக்கும் அந்த ரூமுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

வராந்தா பெஞ்சில் இருந்த எனக்குத் திடுக்கென்றது. திண்டிவனம்... ராத்திரி... மூணு பிரசவம்! நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் இப்படி ஒரு ராத்திரி வந்ததே!

ஐடா ஸ்கடர், 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண். தாத்தா காலத்திலிருந்தே மிஷனரி வைத்தியக் குடும்பம். அமெரிக்காவில் படித்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாளில் கப்பலேறிவிட வேண்டும் என்பதுதான் நினைப்பு. டாக்டர் வேலையா? ஆளை விடுங்கள்!

ஒருநாள் ராத்திரி கதவு தட்டப்பட்டது. பிராமணர் ஒருவர். மனைவிக்குப் பிரசவம் சிக்கல். நீங்கள் வரவேண்டும் என்றார். 'எனக்கு வைத்தியம் தெரியாது. அப்பா டாக்டர், வருவார்' என்றார் ஐடா. ஆண்பிள்ளை டாக்டரா? வந்தவர் திரும்பிப் போய்விட்டார். அடுத்து ஒரு முஸ்லிம். அதற்கடுத்து இன்னொரு இந்து. அதே வேண்டுகோள், அதே பதில். பொழுது விடிந்தபோது மூணு பெண்களும் உயிரோடு இல்லை.

ஐடா அமெரிக்கா போனார், டாக்டருக்குப் படிக்க! 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1900-ல் வேலூர் திரும்பி, ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1902-ல் ஆஸ்பத்திரியே எழும்பியது.

எல்லோரும் கதையை இங்கேதான் முடிப்பார்கள். எனக்கு அந்த பெஞ்சில் வேறொரு கேள்வி வந்தது. அன்று ராத்திரியே ஐடா டாக்டராக இருந்திருந்தால்? மூணு வீடு, மூணு திசை. மாட்டுவண்டிக் காலம். ஓர் ஆள் எத்தனை கதவைத் தட்டமுடியும்? ஒருத்தியைக் காப்பாற்றியிருக்கலாம். மிஞ்சிப்போனால் இரண்டு.

இந்தக் கணக்கு அந்த அம்மாளுக்கு நம்மைவிட நன்றாகவே புரிந்தது. தான் ஒருத்தி டாக்டரானால் போதாது. நம் பெண்களே டாக்டராகணும். 1909-ல் நர்ஸ் பள்ளி. அடுத்து, பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. 'மூணு பேர் மனுப் போட்டாலே அதிர்ஷ்டம்' என்றாராம் வெள்ளைக்கார மேலதிகாரி. வந்த மனுக்கள் நூற்றைம்பது! 1918-ல் பள்ளி தொடங்கி, 1922-ல் பதினாலு பெண்கள் டாக்டராக வெளியே வந்தார்கள். பதினாலு கதவுக்குப் பதினாலு பேர்!

அந்தப் பள்ளிதான் வேலூர் சி.எம்.சி.யாக வளர்ந்தது. 1947-ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பாவம், அவர்களும் படிக்கட்டுமே! 1960-ல் கொடைக்கானலில் ஐடா காலமானபோது வயது எண்பத்தொன்பது.

விடிகாலை நாலரைக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். "பேத்தி. ரெண்டு பேரும் சௌக்கியம்" என்றார். "மத்த ரெண்டு பேர்?" என்றேன். ஆச்சரியமாகப் பார்த்தார். "அவங்களும்தான். உங்களுக்கு வேண்டியவங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.

"ஐடான்னு பேர் வைக்கலாமா?" என்று கேட்டதற்கு என் சம்சாரம் முறைத்த முறையைச் சொல்லி மாளாது. போகட்டும். நர்ஸ் ரிஜிஸ்டரைப் பிரித்து, தாயின் பெயர் என்ற இடத்தில் என் மகள் பெயரை எழுதினாள். கீழே இன்னும் இரண்டு பெயர்கள்.

அன்றைக்குப் போன அந்த மூணு பெண்களின் பெயரை மட்டும் கதை சொல்கிற யாருமே சொல்வதில்லை.